பழைய காருக்கு ரேடியேட்டர் மாத்தப் போறீங்களா? வாங்கறதுக்கு முன்னாடி இந்தத் தவறுகளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க

கிளாசிக் கார் வச்சிருக்கறவங்க நாலு பேர் நடுவுல போய் "டெம்பரேச்சர் முள்ளு கொஞ்சம் மேல ஏறுது"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே வர்ற பதில் "ரேடியேட்டரைத் தூக்கிட்டு பெருசா அலுமினியத்துல ஒண்ணு போடு" தான். இந்த பதில் சரியா இருக்கற நேரமும் உண்டு. ஆனா நிறைய பேர் புது ரேடியேட்டர் போட்டும் வண்டி அதே மாதிரி கொதிக்குதேன்னு தலையில கை வச்சு உக்கார்றாங்க, ஏன்னா கோளாறு ரேடியேட்டர்லயே இல்ல. அதனால முதல் தவறு வாங்கறப்போ நடக்கறது இல்ல, அதுக்கு முன்னாடியே நடந்துடுது.

வண்டி எப்போ சூடாகுதுன்னு பாருங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். நின்னுக்கிட்டு இருக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் ஏறுது, வேகமா ஓட்டினா இறங்கிடுதுன்னா அது காத்து பிரச்சனை, அதாவது ஃபேன், ஷ்ரவுட் (ஃபேனைச் சுத்தி இருக்கற கூடு), ஃபேன் கிளட்ச், பெல்ட் இதுல ஒண்ணு. நேர் எதிரா, நின்னா ஒண்ணும் இல்ல, நெடுஞ்சாலையில வேகமா போனா ஏறுதுன்னா தண்ணி போதுமான அளவு சுத்தல, இல்ல ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கு. இங்க பல பேர் பாக்காம விடறது கீழ் ஹோஸ், ரேடியேட்டர்ல இருந்து இஞ்சினுக்குத் தண்ணி போற ரப்பர் குழாய். அது பம்ப் உறிஞ்சற பக்கம், அதனால உள்ள ஒரு கம்பிச் சுருள் வச்சிருப்பாங்க, பழைய வண்டியில அந்தச் சுருள் துருப்பிடிச்சு போயிருக்கும், இல்ல யாரோ ஹோஸ் மாத்தும்போது போடாமலே விட்டிருப்பாங்க. ஆர்பிஎம் ஏறினா ஹோஸ் சப்பையா ஒட்டிக்கும், தண்ணி நின்னுடும். இதுக்குப் போய் ரேடியேட்டர் மாத்தறது வீண் செலவு.

இக்னிஷன் டைமிங் ரிட்டார்ட் ஆயிருந்தாலும் (ஸ்பார்க் தாமதமா வந்தாலும்) இஞ்சின் சூடாகும், மிக்ஸ்ச்சர் லீனா (பெட்ரோல் கம்மியா) இருந்தாலும் ஆகும், ஹெட் கேஸ்கட் (இஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருந்தா சொல்லவே வேண்டாம். கேஸ்கட் சந்தேகம் இருந்தா நீலக் கலர் திரவம் வச்சு பண்ற பிளாக் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, கூலன்ட்ல எரிஞ்ச வாயு கலந்திருந்தா மஞ்சளா மாறிடும், அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் மீட்டரையே நம்பலாமான்னு ஒரு கேள்வி இருக்கு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலதுல டேஷ்போர்டுக்குப் பின்னால 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒண்ணு இருக்கும், அது கெட்டுப்போனா டெம்பரேச்சர் மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்து பொய் சொல்லும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானதும் திறக்கற வால்வு) ஹவுசிங்ல அளந்து பாருங்க, ஆனா பளபளன்னு இருக்கற அலுமினியத்து மேல நேரா அடிச்சா அது குறைச்சுத்தான் காட்டும், ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அது மேல அளக்கணும்.

சரி, இதெல்லாம் பாத்தாச்சு, ரேடியேட்டர் தான் போயிடுச்சுன்னு உறுதியாயிடுச்சு. இப்போ வாங்கற கதைக்கு வருவோம்.

எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தனை ரோ?", அதாவது தண்ணி ஓடற டியூப் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எத்தனை வரிசைன்னு. மூணு ரோவை விட நாலு ரோ நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. கேக்க நியாயமா தான் இருக்கு, ஆனா காத்து முதல் ரோவைத் தாண்டும்போதே சூடாயிடுது, அடுத்தடுத்த ரோவுக்குப் போறது சூடான காத்து, கடைசி ரோ செய்யற வேலை ரொம்பக் கம்மி. அதோட கோர், அதாவது டியூபும் அதுக்கு நடுவுல இருக்கற ஃபின்ங்கற மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி, தடிமனாக ஆக காத்து உள்ள நுழையறதே கஷ்டம், அதுவும் வண்டி நிக்கும்போது ஃபேன் மட்டும் இழுக்கற நேரத்துல. ஃபின் நெருக்கமும் இதே கதை தான், ஒரு இன்ச்சுக்கு நிறைய ஃபின் இருந்தா வேகத்துல நல்லா இருக்கும், மெதுவா போகும்போது அதுவே அடைப்பு மாதிரி. இடம் இருந்தா கோரோட முகப்புப் பரப்பை, அதாவது நீளம் அகலத்தை, கூட்டப் பாருங்க. தடிமனைக் கூட்டறது கடைசி வழி.

செம்பு-பித்தளையா அலுமினியமாங்கற சண்டை முடியாத சண்டை. வெப்பம் கடத்தறதுல செம்பு தான் ராஜா, அதோட கணக்கு (மீட்டர்-கெல்வினுக்கு) சுமார் 400 வாட்னா சுத்தமான அலுமினியம் 235 பக்கம் தான் வரும். அப்போ அலுமினிய ரேடியேட்டர் எப்படி நல்லா வேலை செய்யுதுன்னா காரணம் வேற. பழைய ரேடியேட்டர்ல ஃபின் தான் செம்பு, தண்ணி ஓடற டியூப் பித்தளை, ரெண்டையும் ஒட்டறது ஈய சால்டர், அந்த சால்டர் வெப்பத்தை சுமாரா தான் கடத்தும். அலுமினியம் பலமா இருக்கறதால டியூபை அகலமா செய்யலாம், அரை இன்ச்சுக்குப் பதிலா ஒரு இன்ச் டியூப், அது ஃபினோட தொடற பரப்பும் அதிகம், அதனால தான் ரெண்டு ரோ அலுமினியம் பழைய நாலு ரோ பித்தளைக்கு சமமா நிக்குது. இது தெரியாம "ரெண்டு ரோ தானா"ன்னு ஒதுக்கறவங்களும் இருக்காங்க, அலுமினியத்துலயே நாலு ரோ கேட்டு வாங்கறவங்களும் இருக்காங்க, ரெண்டுமே தப்பு.

என்னைக் கேட்டா, வண்டி ஒரிஜினல் இஞ்சினோட ஓடுது, பழைய டேங்க் ரெண்டும் நல்லா இருக்குன்னா ரீகோர் தான் பண்ணுவேன், அதாவது மேல் கீழ் டேங்க், பிராக்கெட் எல்லாம் அப்படியே வச்சுட்டு நடுவுல இருக்கற கோரை மட்டும் புதுசா போடறது. எல்லாம் பழைய இடத்துல அப்படியே உக்காரும், பானெட்டைத் திறந்தா பழைய முகம் மாறாது, நாளைக்கு ஒழுகினா சால்டர் வச்சு அடைச்சுக்கலாம். இஞ்சினை மாத்தி பவர் ஏத்தியிருந்தா, இல்ல ஏசி போட்டிருந்தா அலுமினியம் யோசிக்கலாம், அதுல தப்பே இல்ல. பிளாஸ்டிக் டேங்க் வச்சது மட்டும் எனக்குப் பிடிக்காது, பிளாஸ்டிக் வருஷக்கணக்குல சூடு பட்டு வெடிப்பு விட்டா ரிப்பேருக்கு வழி கம்மி.

அலுமினியம்னு முடிவு பண்ணினா ஒண்ணு விசாரிங்க, டியூபும் ஹெடர் தகடும் (டியூப் முனைகள் நுழையற தகடு) சேர்ற இடத்துல முழுசா பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டறது) பண்ணியிருக்கா, இல்ல எப்பாக்ஸி பூசி அடைச்சிருக்கான்னு. எப்பாக்ஸி வச்சது பின்னாடி வெல்டிங் பண்ணப் போனா அந்த சூட்டுல பக்கத்து ஜாயின்ட்டும் விட்டுடும். அலுமினியப் பளபளப்பு பழைய வண்டிக்குப் பொருந்தலன்னு கருப்பு அடிக்கறவங்க மெல்லிசா ஒரு கோட் அடிச்சா போதும், தடியா பவுடர் கோட்டிங் பண்ணினா ஃபினுக்குப் போர்வை போத்தின மாதிரி ஆயிடும்.

அடுத்தது அளவு. இதுல தான் அதிகமா சொதப்பறாங்க. கேட்டலாக்ல "இந்த மாடல், இந்த வருஷம்"னு போட்டிருக்கறதை நம்பி ஆர்டர் பண்ணிடறாங்க, ஆனா அந்த வண்டி நாப்பது அம்பது வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கு, யார் எந்த இஞ்சினை மாத்தினாங்க, எந்த பம்ப் போட்டாங்கன்னு கேட்டலாக்குக்குத் தெரியுமா? ஃபோர்டு ஸ்மால் பிளாக் வி-8 எடுத்துக்கோங்க, 1960-கள்ல வந்த முஸ்டாங்ல கீழ் ஹோஸ் வாட்டர் பம்புல சேர்ற இடம் ஒரு பக்கம், 1970-க்கு அப்புறம் வந்ததுல மறு பக்கம். பழைய பாடியில பிந்தின இஞ்சினைப் போட்டிருந்தா பாடியோட வருஷத்தைச் சொல்லி வாங்கின ரேடியேட்டர்ல ஹோஸ் எதிர்ப்பக்கம் நிக்கும். அதனால உங்க வண்டியை நீங்களே டேப் வச்சு அளங்க. டேங்கோட சேர்த்து மொத்த அளவு வேற, கோர் மட்டும் வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, விக்கறவங்க எதைச் சொல்றாங்கன்னு கேட்டுக்கோங்க. ஹோஸ் பைப்போட விட்டம், எந்தப் பக்கம், எந்தக் கோணத்துல நீட்டிக்கிட்டிருக்கு, இதெல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

தடிமன் அளக்கும்போது ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு இன்ச் மிச்சம் இருக்கணும், ஏன்னா பழைய ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கற இஞ்சின் பிரேக் அடிச்சா முன்னாடி நகரும், பிளேடு கோரை வழிச்சிடும். சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கு, ஹீட்டர் ரிட்டர்ன் பைப் ரேடியேட்டர் டேங்குக்கு வருதா, ஃபேன் ஸ்விட்ச் மாட்டற திரெட் இருக்கா, டிரெயின் டேப் கை எட்டற இடத்துல இருக்கா, ஆட்டோமேட்டிக் கியர்னா டேங்குக்குள்ள ஆயில் கூலர் இருக்கா, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டு சுத்தற வண்டின்னா கோர்ல அதுக்கு ஓட்டை விட்டிருக்கா. இந்த கடைசி விஷயத்தை எல்லாம் மாட்டி முடிச்ச அப்புறம் தான் ஞாபகப்படுத்திக்கறாங்க.

ரேடியேட்டர் மூடியைப் பத்தி தனியா பேசியே ஆகணும். மூடியில எழுதியிருக்கற ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் (பிரஷரோட அளவு) கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும், அவ்வளவு தான், வண்டியைக் குளிர வைக்காது. 4 இல்ல 7 பிஎஸ்ஐக்கு செஞ்ச வண்டியில புது ரேடியேட்டர் தாங்கும்னு 15 பிஎஸ்ஐ மூடி போட்டா ரேடியேட்டர் தாங்கிடும், உள்ள இருக்கற பழைய ஹீட்டர் கோர் தாங்காது, சூடான தண்ணி கால் மேல கொட்டும். இன்னொண்ணு, கழுத்தோட ஆழம். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல ஒரு இன்ச் ஆழக் கழுத்து இருக்கும், அதுல சாதாரண முக்கால் இன்ச் மூடி போட்டா பாக்க மூடின மாதிரி இருக்கும், ஆனா உள்ள சீல் தொடவே தொடாது, பிரஷரே நிக்காம தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், ஆளுங்க ரேடியேட்டரைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. டேங்க் பக்கவாட்டுல இருக்கற கிராஸ்ஃப்ளோ ரேடியேட்டர்னா மூடி தண்ணி வெளிய போற பக்கத்து டேங்க்ல இருக்கறது நல்லது, அங்க தான் பிரஷர் கம்மி. புது ரேடியேட்டர் இஞ்சினை விடத் தாழ்வா உக்காந்தா தனியா மேல ஒரு ஹெடர் டேங்க் வேணும், இல்லன்னா காத்து வெளிய போகாது, ஜாகுவார் ஈ-டைப்ல ஆரம்பத்துல இருந்தே தனி டேங்க் வச்சது அதுக்குத் தான்.

இன்னும் பழைய வண்டின்னா வேற கணக்கு. ஃபோர்டு மாடல் டி-யில வாட்டர் பம்பே கிடையாது, ஆரம்பத்துல வந்த கொஞ்ச வண்டிகளை விட்டா மத்த எல்லாம் சூடான தண்ணி தானா மேல ஏறி குளிர்ந்தது கீழ இறங்கற தெர்மோசைஃபன் முறை தான். அதுல தண்ணி தடையில்லாம இறங்கணும், மாடர்னா இருக்கேன்னு குறுகலான டியூப் வச்ச கோரைப் போட்டா சுத்தறதே குறைஞ்சிடும். (பழைய பீட்டில்காரங்க இதைப் படிச்சு சிரிக்கலாம், உங்க வண்டிக்கு ரேடியேட்டரே கிடையாது.)

ஷ்ரவுட் இல்லாம விடறது இன்னொரு பெரிய தப்பு. அது இல்லன்னா ஃபேன் தன் முன்னாடி இருக்கற வட்டத்துல மட்டும் தான் காத்தை இழுக்கும், நாலு மூலையும் சும்மா இருக்கும். பிளேடு பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ள, பாதி வெளிய இருக்கணும்ங்கறது பழைய மெக்கானிக்குங்க சொல்ற கணக்கு, பெரும்பாலும் சரியா வரும். எலெக்ட்ரிக் ஃபேன் போடறவங்க கோருக்குள்ள பிளாஸ்டிக் டை விட்டு இழுத்துக் கட்டறாங்க பாருங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அதிர்வுல அது ஃபினை அரிச்சு டியூப் வரைக்கும் போயிடும். ரேடியேட்டரை பாடியோட இறுக்கி போல்ட் போடறதும் அதே மாதிரி தான், நடுவுல ரப்பர் இருக்கணும், பழைய சேஸ் முறுக்கிக்கிட்டே இருக்கும், இறுக்கிப் போட்டா டேங்க் ஜாயின்ட் தான் விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சா குளிரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பைபாஸ் (ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழி) வச்ச சில இஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் இல்லன்னா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கிட்டிருக்கும்.

புதுசை மாட்டறதுக்கு முன்னாடி இஞ்சின் பிளாக்கை நல்லா ஃப்ளஷ் பண்ணுங்க. வார்ப்பிரும்பு பிளாக்குக்குள்ள பல வருஷத்துத் துரு அடியில சேறு மாதிரி கிடக்கும், ஃப்ளஷ் பண்ணாம விட்டா அது அவ்வளவும் புது டியூபுக்குள்ள போய் உக்காரும். முதல் கொஞ்ச நாளைக்கு மேல் ஹோஸ்ல பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டு ஒண்ணை வடிகட்டியா வச்சு அடிக்கடி எடுத்துப் பாக்கறவங்க உண்டு, நல்ல பழக்கம்.

கூலன்ட்ல குழாய்த் தண்ணி வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கூலன்ட்டை மட்டும் முழுசா ஊத்தினா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க, தண்ணி அளவுக்கு வெப்பத்தை வாங்கற சக்தி அதுக்குக் கிடையாது. செம்பு-பித்தளை, சால்டர், பழைய கேஸ்கட் இருக்கற வண்டிக்கு பழைய ஐஏடி வகை கூலன்ட் (கனிமத் துருத்தடுப்பான் கலந்தது) தான் பத்திரம், புது ஓஏடி வகையை (கரிம அமிலம் கலந்தது) ஊத்தி ஒழுகல் ஆரம்பிச்சவங்க உண்டு, ஆனா ஐஏடியை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். அலுமினியம் போட்டவங்க எர்த் வயரையும் பாருங்க. இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல எர்த் சரியில்லன்னா கரண்ட் கூலன்ட் வழியா போக ஆரம்பிக்கும், உள்ள இருந்தே அலுமினியத்தை ஓட்டை போட்டுடும். மல்டிமீட்டர்ல நெகடிவ் முனையை பேட்டரி நெகடிவ்ல வச்சு (பாசிடிவ் எர்த் வண்டின்னா பாசிடிவ்ல), மறு முனையை டேங்க்ல படாம கூலன்ட்ல மட்டும் முக்கி, லைட், ஃபேன் எல்லாம் போட்டு, ஸ்டார்ட்டரும் அடிச்சுப் பாருங்க. 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா கவலை இல்ல, 0.3 தாண்டினா எர்த்தை சரி பண்ணாம வண்டியை எடுக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் ரேடியேட்டர் வாங்கறீங்கன்னா நகத்தால ஃபினை லேசா அழுத்துங்க, பொடிஞ்சு உதிர்ந்தா விட்டுடுங்க. டியூப் முனையில வெள்ளையா பச்சையா பூத்திருந்தாலும் அப்படித் தான். தண்ணித் தொட்டியில முக்கி காத்து அடிச்சுப் பாக்காம காசு குடுக்காதீங்க.

கடைசியா, கழட்டின பழைய ரேடியேட்டரை அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. புதுசு ஒழுங்கா ஓடறது தெரியற வரைக்கும் அளவு பாக்க அது வேணும், பித்தளை டேங்க்ல அடிச்சிருக்கற பார்ட் நம்பரும் பிராக்கெட்டும் வேற எங்கயும் கிடைக்காம போகலாம், வண்டியை விக்கும்போது வாங்கறவர் முதல்ல கேக்கறதும் அதுவாத் தான் இருக்கும்.