இதய வால்வில் கிருமித்தொற்று: வீட்டார் கவனிக்க வேண்டியவை

செயற்கை வால்வு பொருத்தியவருக்குக் காய்ச்சல் சில நாட்கள் நீடித்தால், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது வால்வில் கிருமித்தொற்றாக இருக்கலாம்; முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தென்படாமல் போய்விடக்கூடும்.

வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் இரத்தநாளம் வழியே மருந்து ஏற்றப்படும் காலத்திலும் சிக்கல்கள் வரலாம். படுத்தால் மூச்சுத் திணறுவதும் கால் வீங்குவதும், வால்வு பழுதாகி இதயம் தளர்வதன் அறிகுறிகள், தாமதிக்கக் கூடாது. மயக்கம் வந்தால், தொற்றால் வால்வருகே உண்டான சீழ், இதயத் துடிப்பை இயக்கும் மின்பாதையை எட்டியிருக்கலாம் என்பதால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

வால்வில் படிந்த கிருமித்திரள் உடைந்து மூளைக்குச் சென்றால் வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கைகால் செயலிழக்கும். ஆச்சியின் கைப்பக்குவத்தைச் சமையலோடு நிறுத்திக்கொண்டு, எண்ணெய் தேய்த்து நேரம் போக்காமல், 108-ஐ அழையுங்கள். வால்வுத் தொற்றை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பக்கவாதத்திற்குப் போடும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, இந்நோயாளிக்கு மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.