சிக்னல் இல்லாத நாளில் ரஸ்ட்

ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் எங்கள் லயத்தில் முதலில் போவது சிக்னல்தான். ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கிய வாரம், ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடர்) ஒரு ஃபங்ஷனுக்குக் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) கொடுத்துவிட்டு அடுத்த வரியில் அதையே பிரின்ட் செய்தேன். ஈ0382 என்று பிழை. தேடிப் பார்க்க இணையம் இல்லை.

பிழைச் செய்தியின் கடைசி வரியை அன்றுதான் ஒழுங்காக வாசித்தேன்: 'ரஸ்ட்சி --எக்ஸ்பிளெய்ன் ஈ0382'. ரஸ்ட்சி என்பது ரஸ்டின் கம்பைலர். சரி, அடித்துப் பார்ப்போம் என்று அடித்தேன். உதாரணத்தோடு விளக்கம் வந்து விழுந்தது! ஸ்ட்ரிங்கின் உரிமை ஃபங்ஷனுக்குப் போய்விட்டதாம், அதனால் அடுத்த வரியில் அதைத் தொட முடியாதாம். ஃபங்ஷன் வாங்கும் வகைக்கும் அழைக்கும் இடத்துக்கும் முன்னால் ஒரு '&' போட்டு இரவலாகக் கொடுத்தேன், ஓடியது.

அப்புறம், என் பழைய லேப்டாப்பில் 'கார்கோ பில்ட்' (நிரலை இயங்கும் கோப்பாக்கும் கட்டளை) முடிவதற்குள் பிளேன்டீ ஊற்றிவிடலாம். பிழை மட்டும் பார்க்க இப்போது 'கார்கோ செக்'தான். இயங்கும் கோப்பை உருவாக்காததால் சீக்கிரம் முடிகிறது.