பழைய அச்சுப் பீங்கான் டீபாட் வாங்கும்போது

இங்கிலாந்தின் பழைய நீல வெள்ளை டீபாட்களைச் சேர்க்க ஆசையா? கையில் எடுத்ததும் படத்தில் மயங்காதீர்கள். அந்தப் படம் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, கோபால்ட் மையை ஏற்றி, மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். ஒருமுறை சுட்ட பாத்திரத்தில் அந்தத் தாளை ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தபின் தாளைக் கழுவி எடுப்பார்கள். மையில் உள்ள எண்ணெய் எரியும்படி சுட்டு, மேலே கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பூச்சு) பூசி மறுபடி சூளையில் வைப்பார்கள். தட்டையான தாள் உருண்டையான பாத்திரத்தில் முழுசாகப் பொருந்தாது இல்லையா? அதனால் கைப்பிடி அருகில், மூக்கின் அடியில், ஓரக் கரையில் எங்காவது ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். தாளை வெட்டியது பெரும்பாலும் சின்னப் பெண்கள், ஒட்டியதும் பெண்கள்தான். அவர்கள் பெயர் எந்தப் பாத்திரத்திலும் இல்லை. அந்த ஒட்டுதான் அவர்கள் கையெழுத்து. இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில், மிடில்போர்ட் பீங்கான் பட்டறையில் இந்த வேலையை நேரில் பார்த்த பிறகு, ஒட்டு தெரியாத பாத்திரத்தை என்னால் நம்பவே முடிவதில்லை.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். செதுக்கிய படமென்றால் கோடுகளும் புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே மாதிரிப் புள்ளிகள் வரிசை பிடித்து நின்றால் அது பிற்கால இயந்திர அச்சு.

டிசைனை வைத்து வயதைச் சொல்லாதீர்கள். வில்லோ மரத்தோடு சீனக் காட்சி போட்ட ‘வில்லோ’ டிசைன் 1790 வாக்கில் வந்தது, ஸ்போட் என்ற பீங்கான் நிறுவனத்தின் ‘புளூ இத்தாலியன்’ டிசைன் 1816இல் வந்தது. இரண்டையும் அதற்குப் பிறகு இருநூறு வருஷம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நிறம் கொஞ்சம் உதவும்: கிளேஸுக்கு அடியில் பச்சை, இளஞ்சிவப்பு அச்சு 1820களின் கடைசியில்தான் பரவலானது. அடியில் வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த டிசைன் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. ‘England’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் அப்படிக் கேட்டது. ஆரம்பகால டீபாட்களில் பலவற்றுக்கு முத்திரையே கிடையாது, அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

டீபாட்டில் முதலில் போவது மூடி. வேறு பாத்திரத்தின் மூடியைப் பொருத்தி விற்பது சகஜம். மூடியையும் உடலையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து, நீலமும் கிளேஸின் சாயலும் ஒன்றுதானா என்று பாருங்கள். மூக்கின் நுனியை விரலால் தடவுங்கள்: உடைந்ததை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் சொரசொரக்கும். மூக்குக்கு உள்பக்கம் இருக்கும் வடிகட்டித் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டிப் பூசிய இடம் அநேகமாக வேறு நிறத்தில் ஒளிரும்.

முதல்முறை வாங்குகிறவர் டீபாட்டில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. கைப்பிடி இல்லாத பழைய டீக் கிண்ணம், ஜோடி இழந்த ஆழமான சாஸர் இரண்டும் கண்ணைப் பழக்கும், காசும் அதிகம் கேட்காது.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான். பிளீச் ஊற்றவே கூடாது. விரிசல் வழியே உள்ளே இறங்கி நாளடைவில் கிளேஸை உதிர வைத்துவிடும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். அந்தக் கால கிளேஸில் ஈயம் உண்டு, அதனால் அதில் டீ போட்டுக் குடிக்க வேண்டாம்.