குன்னூர் மேசையில் ஒரு ரயில்: மாதிரி இன்ஜின் ஓட்டத் தொடங்குவோருக்கான செய்முறை

நீலகிரியில் இருந்துகொண்டு மாதிரி ரயில் வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்பது, நம் மலை ரயிலின் நீராவி இன்ஜின் கிடைக்குமா என்பதுதான். குன்னூர் லோகோ ஷெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நீல இன்ஜினைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறெதன் மீதும் மனம் செல்வதில்லை. ஆனால் முதல் இன்ஜினாக அதைத் தேடாதீர்கள் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் நான் முதலில் சொல்லும் யோசனை. காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்படும் பாதை 46 கிலோமீட்டரில் 2,203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. கல்லாறு நிலையம் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரட்டைப் பட்டை தொடங்கி, குன்னூர் வரை கூடவே வருகிறது. இது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை. ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே மறு பட்டையின் பள்ளம் வருமாறு அமைந்திருப்பதால், இன்ஜினின் பற்சக்கரம் எந்நேரமும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்கும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் உருவான எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. பல் பாதையில் ஏறும்போது உயர் அழுத்தச் சிலிண்டர்கள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்ற, அவற்றிலிருந்து வெளிவரும் நீராவியே குறை அழுத்தச் சிலிண்டர்களுக்குள் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இத்தனையையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி ஓடவும் வைப்பது தேர்ந்த கைகளுக்கே உரிய வேலை. தவிர, நம் பாதை மீட்டர் கேஜ் என்பதால் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தண்டவாளத்தோடு அளவும் ஒத்துவராது. அந்த ஆசையை ஓரிரு ஆண்டுகள் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு சிறிய வட்டப் பாதையில் ஒரே ஒரு இன்ஜினை நன்றாக ஓட்டப் பழகுவோம்.

முதல் படி: அளவைத் தேர்ந்தெடுத்தல்

மாதிரி ரயிலில் இரண்டு அளவுகளைத் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஒன்று, அசலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற ஸ்கேல். மற்றொன்று, இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரமான கேஜ். உலகெங்கும் பரவலாக உள்ள ‘எச்ஓ’ அளவு 87-இல் ஒரு பங்கு. அதன் பாதை 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனில் புழங்கும் ‘ஓஓ’ அளவு 76-இல் ஒரு பங்கு. ஆனால் அதுவும் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடும். எனவே இரண்டையும் கலந்து வாங்கினாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் அருகருகே நிறுத்தினால் ஒன்று அண்ணனாகவும் மற்றொன்று தம்பியாகவும் தெரியும். அடுத்தது 160-இல் ஒரு பங்கான ‘என்’ அளவு, 9 மில்லிமீட்டர் பாதை. (தமிழில் எழுதினால் ‘என்னுடைய அளவு’ என்று பொருள்பட்டுத் தொலைப்பதால், இனி அதைச் சிறிய அளவு என்றே குறிப்பிடுகிறேன்.)

மலை வீடுகளில் அறைகள் சிறியவை. எனவே சிறிய அளவையே பரிந்துரைக்கிறேன். பார்வை மங்கியவர்களுக்கும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்ட விரும்புவோருக்கும் எச்ஓ பொருந்தும். ஆனால் அதற்கு ஆறடிக்கு நான்கடி இடத்தையாவது ஒதுக்க வேண்டியிருக்கும். மலைப் பாதை முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று கனவு காண்போருக்கு ஒரு கணக்கு: 46 கிலோமீட்டரைச் சிறிய அளவுக்குச் சுருக்கினாலும் ஏறத்தாழ 287 மீட்டர் வரும்.

இரண்டாம் படி: பலகை

எட்டடிக்கு நான்கடி பிளைவுட் தாளிலிருந்து நான்கடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். அடியில் நான்கு ஓரங்களிலும் குறுக்கே இரண்டு இடங்களிலும் மர ரீப்பர் அடித்துவிட்டால் பலகை வளையாது.

சமவெளியில் இருப்பவர்கள் இத்துடன் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நாம் போக முடியாது. பருவமழைக் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில், பிளைவுட் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேற்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் இழுத்து உப்ப, பலகை கிண்ணம்போல் வளைந்துவிடும். என் முதல் பலகை அப்படித்தான் ஒரே மழைக்காலத்தில் நடுவில் குழிந்துபோனது. இன்ஜின் ஒரு பக்கம் இறங்கும்போது ஓடியது, மறு பக்கம் ஏறும்போது திணறியது. இன்ஜினில்தான் கோளாறு என்று நான் அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன். எனவே வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, வெயில் உள்ள நாட்களில் நன்றாகக் காயவிடுங்கள். பலகையை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுவதும் அவசியம்; மலை வீட்டின் வெளிச்சுவர் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

மூன்றாம் படி: பாதை போடுதல்

தொடங்குவோருக்கு, ஜல்லிப் படுகையும் சேர்த்தே வார்க்கப்பட்ட தண்டவாளத் துண்டுகள் ஏற்றவை. ஜப்பானிய நிறுவனமான கேட்டோவின் யூனிட்ராக் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் 282 மில்லிமீட்டர் ஆரமுள்ள, 45 பாகை வளைவுத் துண்டுகள் எட்டும், 248 மில்லிமீட்டர் நேர்த் துண்டுகள் நான்கும் வாங்கினால் நீள்வட்டம் முடிந்துவிடும். அதன் அகலம் ஜல்லிப் படுகையோடு சுமார் 59 சென்டிமீட்டர், நீளம் சுமார் 109 சென்டிமீட்டர். நம் பலகையில் நாற்புறமும் ஆறேழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஓரம் மிஞ்சும். அந்த ஓரம் வீணன்று. தடம் புரளும் இன்ஜின் தரையில் விழாமல் பலகையிலேயே சாய்ந்து நிற்பதற்கு அதுவே காப்பு.

துண்டுகளை இணைக்கும்போது, இரண்டு தண்டவாளங்களும் இணைப்புத் தகட்டுக்குள் சரியாக நுழைந்துள்ளனவா என்று ஒவ்வொரு மூட்டிலும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் சிறு மேடு 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சக்கரத்துக்கு ஒரு படிக்கட்டு. கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாதையை நீளவாக்கில் பார்த்தால் கோணலும் வளைவும் உடனே தெரியும். பழைய எஃகுத் தண்டவாளங்கள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நம் ஈரத்தில் ஒரு மாதத்துக்குள் துரு ஏறும். நிக்கல் சில்வர் தண்டவாளமே இங்கு தாங்கும்.

நான்காம் படி: மின்சாரம்

மாதிரி இன்ஜின்களுக்கு இரண்டு தண்டவாளங்கள் வழியாகவே மின்சாரம் செல்கிறது. எளிய முறையில், 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டத்தைக் கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்க, இன்ஜினின் வேகமும் கூடிக் குறையும்; துருவத்தை மாற்றினால் இன்ஜின் பின்னோக்கி ஓடும். டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறையில் பாதையில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் உள்ள டீகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். புதிய டீகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். ஒரே பாதையில் இரண்டு மூன்று இன்ஜின்களைத் தனித்தனியே ஓட்ட விரும்பும் நாள் வரும்வரை உங்களுக்கு டிசிசி தேவையில்லை.

கன்ட்ரோலர் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த 100 வோல்ட் அடாப்டரை, அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படிக்காமல் நான் செருகினேன். ‘டப்’ என்ற சத்தத்தோடு வீடெங்கும் கருகல் நாற்றம். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே நேரடியாகச் செருகலாம்.

பாதையில் ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தால் இந்தச் சிறு வட்டத்துக்குப் போதும். பாதை நீண்டால், மூட்டுகளில் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போவதால், சுமார் ஒரு மீட்டருக்கு ஓர் இணைப்பு வீதம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் இன்ஜின்

அழகைப் பார்த்து அன்று, அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். தொடங்குவோருக்கு நான்கு அச்சுகளிலும் உந்துவிசை பெறும் டீசல் அல்லது மின்சார இன்ஜினே ஏற்றது. எட்டுச் சக்கரங்களும் மின்சாரம் எடுத்துக்கொண்டால், ஒரு சக்கரத்தடியில் தூசி இருந்தாலும் மற்றவை காப்பாற்றும். வெளியே கம்பிகள் ஆடும் நீராவி இன்ஜின் பார்க்கக் கண்கொள்ளாதது. ஆனால் ஒரு கம்பி வளைந்தாலும் நின்றுவிடும். குன்னூர் தாண்டி ஊட்டி வரை பெட்டிகளைத் தள்ளிச் செல்வதும் டீசல் இன்ஜின்தானே. ஆகவே மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

பழைய இன்ஜின் வாங்குவோர் மூன்றைப் பார்க்க வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த அடிச்சட்டத்தில் மயிரிழை விரிசலோ உப்பலோ இருந்தால் அது வார்ப்பிலேயே வந்த நோய். அதற்கு மருந்து கிடையாது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று துள்ளினால் பிளாஸ்டிக் பல்சக்கரம் அச்சின்மேல் பிளந்திருக்கக்கூடும். பிடிமானத்துக்காகச் சில சக்கரங்களில் மாட்டப்பட்டிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் புதிது மாட்டிக்கொள்ளலாம். அது பெரிய குறை அன்று. விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாமல், முன்னும் பின்னும் மெதுவாக ஓடும் காணொளியைக் கேட்டுப் பெறுங்கள். வேகமாக ஓடும் காணொளி எதையும் நிரூபிக்காது.

ஆறாம் படி: ஓட்டிப் பழக்குதல்

புதிய இன்ஜினை வந்த நாளிலேயே பத்துப் பெட்டிகள் மாட்டி ஓட்டிவிடாதீர்கள். பெட்டி இல்லாமல், நடுத்தர வேகத்தில், முன்னோக்கி அரை மணி நேரமும் பின்னோக்கி அரை மணி நேரமும் சுற்றவிடுங்கள். பின் இன்ஜினைப் பாதையில் திருப்பி வைத்து அதையே மறுபடியும் செய்யுங்கள். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று இழைந்து, மசகும் உள்ளே பரவும்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் எடுத்து, அச்சு திரும்பும் இடத்தில் ஒரு சொட்டில் பாதி வைத்தால் போதும். கைக்கு அகப்படுவது தேங்காயெண்ணெய்தானே என்று அதை ஊற்றும் வழக்கம் ஒன்று உண்டு. ஊட்டிக் குளிரில் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயே புட்டிக்குள் கல்லாக உறைந்து, அடுப்பருகே வைத்தோ வெந்நீரில் முக்கியோதான் இளக்க வேண்டியிருக்கும். அதே எண்ணெய் இன்ஜினின் பல்சக்கரப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும்? நண்பர் ஒருவரின் இன்ஜின் பகலில் வெயில் வந்த பிறகு ஓடும், காலையில் உறுமிக்கொண்டே நிற்கும். திறந்து பார்த்தபோது பற்களுக்கு நடுவே வெள்ளை மெழுகாக அது அடைத்திருந்தது. ஒவ்வொரு பல்லையும் பல்குத்தியால் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

பழக்கி முடித்தபின் வேகத்தைச் சரிபாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் மலை ரயிலின் வேகம், சிறிய அளவில் விநாடிக்கு 5.2 சென்டிமீட்டர். நம் நீள்வட்டத்தின் சுற்றளவு சுமார் 2.76 மீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு 53 விநாடிகள் ஆக வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்த்தபடி ஓட்டினால், நாம் இதுவரை எவ்வளவு தலைதெறிக்க ஓட்டியிருக்கிறோம் என்று விளங்கும். அந்த வேகத்தில் எங்கும் தயங்காமல் பத்துச் சுற்று ஓடும் இன்ஜினே நல்ல இன்ஜின்.

ஏழாம் படி: துடைத்தலும் பாதுகாத்தலும்

இன்ஜின் தயங்கினால் பத்தில் ஒன்பது முறை அழுக்கே காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தின் மேல்பரப்பைத் துடையுங்கள். துணியில் கரிக்கோடு வராத வரை தொடருங்கள். உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். அது கிழிக்கும் நுண்ணிய கோடுகளில்தான் அடுத்த வார அழுக்கு வந்து தங்கும். சக்கரங்களுக்கு, அதே ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய காகிதத்தைப் பாதையின் குறுக்கே விரித்து, இன்ஜினின் ஒரு பாதிச் சக்கரங்களைக் காகிதத்தின் மேலும் மறு பாதியைத் தண்டவாளத்தின் மேலும் இருக்குமாறு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினால், காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். துடைக்கும்போது மின்சாரத்தை மிதமாக வைத்து, ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது.

ஓட்டாத இன்ஜின்களை அவற்றின் பெட்டியிலேயே வைக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்து வண்ணப்பூச்சோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இன்ஜினை அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் சுற்றி வையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டிகளை அடுக்கி, நிறம் மாறிய பொட்டலங்களை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். பூஞ்சைக்குப் பயந்து அலமாரிக்குள் பல்பு எரியவிடும் பழைய மலை வழக்கத்தை இங்கே பின்பற்ற வேண்டாம். பிளாஸ்டிக் உடல் இளகிக் கோணும்.

ஏற்றம் வைக்கும் ஆசை இதற்குள் வந்திருக்கும். நம் மலைப் பாதையின் செங்குத்தான பகுதி 12 அடி சென்றால் ஓரடி ஏறும். பல் பிடிக்காத மாதிரி இன்ஜின் அதில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றும். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று தொடங்குங்கள்; மூன்றைத் தாண்டாதீர்கள். ஒரு பாதைக்கு மேலே மற்றொன்று கடக்கச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரம் தேவை. இரண்டு சென்டிமீட்டர் ஏற்றத்தில் அதற்கு இரண்டரை மீட்டர் பாதை வேண்டும். நம் வட்டம் முழுவதும் சேர்ந்தாலே 2.76 மீட்டர்தான் என்பதால், ஏறிய பிறகு இறங்க இடம் இராது. எனவே அடுத்த பிளைவுட் துண்டை வாங்கும்போது, முதல் பலகையின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இணைக்கும்படி அதே உயரத்தில் ரீப்பர் அடித்து வாங்குங்கள்.