1843 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது: கிறிஸ்துமஸ் புத்தகங்களின் முதல் பதிப்பு வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் 'முதல் பதிப்பு' என்று சொல்லும்போது, அவர்கள் மனதில் இருப்பது முதல் பதிப்பின் முதல் அச்சு, அதாவது அந்தப் பதிப்பில் முதல் தடவை அச்சிட்ட பிரதிகள். விற்பவர் எழுதும் 'முதல் பதிப்பு' எப்போதும் அதுவாக இருப்பதில்லை. பெரும் பணம் வீணாவது இந்த இடைவெளியில்தான்.

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' நூலையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் நூல் சேர்ப்பவர்களில் பலருக்கும் கனவுப் புத்தகம் அதுதான். லண்டனின் சாப்மன் அண்ட் ஹால் அதை 1843 டிசம்பர் 19 அன்று ஐந்து ஷில்லிங் விலையில் வெளியிட்டது. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன.

தலைப்புப் பக்கத்தில் 1843 என்று கண்டதும் முடிவு கட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்தப் பக்கத்தையே நகலெடுத்து அச்சிட்ட மறுபதிப்புகள் ஏராளம். அவற்றிலும் அதே ஆண்டுதான் இருக்கும். ஜான் லீச் வரைந்த நான்கு வண்ணப் படங்களில் ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூலப் பிரதியில் வண்ணம் கையால் தீட்டியது. கதையில் வரும் ஃபெசிவிக் என்பவர் நடத்தும் நடனப் படத்தில் சாயம் சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பிற்கால நகலில் அதே இடம் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்புவதும் ஆபத்து. அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிய தாள் பச்சையாக இருந்தால்தான் முதல் அச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பச்சை கையில் ஒட்டியதால் அந்தத் தாளை மஞ்சளாக மாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த மாற்றமெல்லாம் சில நாட்களுக்குள் நடந்தது. இரண்டு தாள்களும் கலந்தே வெளிவந்தன. ஆகவே தலைப்புப் பக்கத்தின் சிவப்பு, நீல மை, முதல் அத்தியாயத் தலைப்பில் எண் ரோமன் எழுத்திலா சொல்லாகவா என்பது, அட்டையில் தங்க நிறத்தில் பதித்த மாலை வடிவத்துக்கும் ஓரக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பவர்கள் உண்டு. அதை வீண் வேலை என்று நினைக்காதீர்கள்.

இருபதாம் நூற்றாண்டு நூல்களில் நிலைமை வேறு. அங்கே அட்டைக்கு மேல் போர்த்தும் காகித மேலுறைதான் பாதி சாட்சி. அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் 'ஹவ் தி கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்!' கதையை ராண்டம் ஹவுஸ் 1957இல் வெளியிட்டது. பின்னால் வந்த அச்சுகளிலும் காப்புரிமை ஆண்டு அதேதான். மேலுறை மடிப்பில் உள்ள விலையும், பின்புறம் உள்ள நூல் பட்டியலும்தான் அச்சைக் காட்டிக்கொடுக்கும். பரிசாகக் கொடுத்தவர் விலை மூலையைக் கத்தரித்திருப்பார். கிறிஸ்துமஸ் புத்தகத்தில் இது சகஜம். மேலுறை இல்லாத, அல்லது விலை வெட்டிய பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். புதிதாக நகலெடுத்த மேலுறையைப் போர்த்தியும் விற்கிறார்கள்.

'தி போலார் எக்ஸ்பிரஸ்' என்ற கிறிஸ்துமஸ் படப் புத்தகம் 1985இல் வந்தது. குழந்தைகள் படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது 1986இல். பதக்கம் மேலுறையிலேயே அச்சாகியிருந்தால் அது பிந்தைய அச்சு. தனியாக ஒட்டிய வட்ட முத்திரை என்றால் கடையில் பிறகு ஒட்டியதாகவும் இருக்கலாம். உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசையில் 1 இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பின் செய்யும் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கிழிந்த மேலுறையில் செலோடேப் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, காகிதத்துக்குள் இறங்கிவிடும். பழைய துணி அட்டையைக் கழற்றித் தோல் அட்டை போட்டால் அளக்க வேண்டிய தங்க மாலையே போய்விடும். முன்பக்கத்துப் பென்சில் எழுத்தை 'சுத்தம்' செய்கிறோம் என்று ரப்பரால் அழிப்பது இன்னும் மோசம். ஒரு தகப்பன் மகளுக்கு எழுதிக்கொடுத்த வரியின் கீழே 'டிசம்பர் 1843' என்று இருந்தால், அந்தப் பிரதி அந்தக் கிறிஸ்துமஸுக்கே வாங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.