பள்ளிக் குடிநீர்: மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தொட்டியை மூடி வைக்க வேண்டும், கழிவறைக் குழாயில் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். பள்ளியில் தண்ணீர்ப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் அக்கறையோடுதான் வேலை செய்கிறார்கள். அந்த அக்கறையிலேயே முன்பு எல்லோரும் விழுந்த குழிகளில் திரும்பவும் விழுகிறார்கள். அவற்றைப் பற்றி மட்டும் இங்கே.

டி.டி.எஸ். மீட்டரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. அதைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்குகிறார்கள். 700 காட்டினால் கெட்ட தண்ணீர், 40 காட்டினால் நல்ல தண்ணீர். உடனே ஆர்.ஓ. இயந்திரத்துக்கு (சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை நீக்குவது) ஆர்டர் போய்விடும்.

அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டுமே. அதை 0.5 முதல் 0.7 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. கிருமி அதன் கணக்கிலேயே வராது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சொட்டுச் சாக்கடை நீர் விழுந்ததாக வையுங்கள். ஒரு சொட்டு என்பது 0.05 மில்லி. அதோடு வரும் உப்பு 0.1 மி.கி.கூடத் தேறாது, முள்ளளவும் எண் அசையாது. அந்தச் சொட்டிலோ மலத்திலிருந்து வரும் ஈ.கோலி ஆயிரக்கணக்கில் இருக்கலாம். குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாத கிருமி அது. மாறாக, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் உப்பைப் போட்டால் எண் 500 போல ஏறும். குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மி.கி. அதையும் இந்த மீட்டரில் தேடிப் பயனில்லை.

செலவு வைக்கும் கட்டம் இதற்குப் பிறகுதான். குளோரின் பட்டால் ஆர்.ஓ. சவ்வு கெடும் என்பதால், முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை உறிஞ்சிவிடுகிறது. வெளியே வரும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. அது எவர்சில்வர் தொட்டியில் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை நிற்கும். தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், கிருமிப் படலம் வழவழவென்று இருக்கும். திங்களன்று முதல் இடைவேளையில் பிள்ளைகள் குடிப்பது அதைத்தான். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு. மறுபடி மீட்டரை முக்குவார்கள், 40. “தண்ணி நல்லாத்தானே இருக்கு, வெளியில எதையாவது தின்னிருக்கும்” என்று பழி பிள்ளைகள் மேல் போகும்.

முதலில் ஆய்வகத்தில் ஈ.கோலி, கலங்கல், நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், இரும்பு ஆகியவற்றைப் பாருங்கள். கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் ஒழுங்கான குளோரின் போதும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினாலோ, குடிக்க முடியாத உப்பு இருந்தாலோ ஆர்.ஓ.வை யோசிக்கலாம். ஏற்கெனவே வாங்கியாயிற்றா? வாரம் ஒருமுறையும், விடுமுறை முடிந்ததும் அந்தத் தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் கரைசலால் கழுவும்போது சவ்வுக்குப் போகும் இணைப்பை அடைத்துவிடுங்கள்.

ப்ளீச்சிங் பவுடரைக் கைப்பிடிக் கணக்கில் போடுவது

பவுடரில் குளோரின் 25 சதவீதம் என்று வைத்தால், 5,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி. கிடைக்க 40 கிராம் வேண்டும். சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் ஒரே இடத்தில் நிற்கும். வாளியில் குழைத்துக் கரைத்து, 15 நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில், குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரை போட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நிறமே வரவில்லையென்றால் தொட்டி அழுக்காக இருக்கலாம், தண்ணீர் கலங்கலாக இருக்கலாம், அல்லது மூட்டை பழசு. வாய் திறந்து கிடக்கும் மூட்டையின் வீரியம் வாரத்துக்கு வாரம் குறையும்.

சோதனைக்கான தண்ணீர் மாதிரியை மோட்டாரடியில் பிடிப்பது

கிணறு சுத்தமாக இருந்தால் முடிவும் சுத்தமாக வரும். கெடுவது தொட்டியிலும் குழாயிலும். பிள்ளைகள் வாய் வைக்கும் குழாயிலேயே பிடியுங்கள். கிருமிச் சோதனைக்குக் குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பொடியைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், குளோரினை முறிக்கப் போட்டது அது. ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுவது நல்லது. ஈயச் சோதனைக்கு நேர் எதிர்: இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரை, ஓடவிடாமல், காலையில் முதல் பிடியாகப் பிடிக்க வேண்டும்.

யூ.வி. விளக்கு எரிகிறதே என்று விடுவது

யூ.வி. என்பது கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர். விளக்கு பழசானால் நீல வெளிச்சம் தெரியும், கிருமி சாகாது. தொடர்ந்து எரியும் விளக்கை ஏறக்குறைய 9,000 மணி நேரத்தில், அதாவது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணாடி உறையில் உப்புப் படிந்தால் புது விளக்கும் வீண்.

கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்பது

காலராக் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது.

டம்ளரை முக்கி எடுப்பது

குழாய் வைத்த டிரம் வாங்குங்கள்.