வகுப்பறையில் ஒரு சந்தை: சீட்டுக்கட்டும் கூகுள் ஃபார்மும் போதும்

பொருளாதார வகுப்பில், தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் விலை நிற்கும் என்று போர்டில் வரைந்து காட்டினால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். அவர்களையே வாங்க, விற்க விட்டு, விலை தானாக அங்கே வந்து நிற்பதைக் காட்டிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

ஒரு சீட்டுக்கட்டில் ஏஸ், ஜாக்கி, ராணி, ராஜா, ஜோக்கரை எடுத்துவிடுங்கள். 2 முதல் 10 வரை 36 சீட்டு மிஞ்சும், ஆளுக்கு ஒன்று. கறுப்புச் சீட்டு வாங்குபவர், சிவப்பு விற்பவர். சீட்டில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால், வாங்குபவருக்கு அந்தப் பொருளின் மதிப்பு. விற்பவருக்கு அதைச் செய்யும் செலவு. கறுப்பு 9 வைத்திருப்பவர் 65 ரூபாய்க்கு வாங்கினால் லாபம் 25. இந்தப் பங்கீட்டில் சமநிலை விலை (இரு கோடுகளும் வெட்டும் இடம்) 60, அளவு 10, கிடைக்கக்கூடிய மொத்த உபரி, அதாவது வாங்குபவர், விற்பவர் எல்லோருடைய லாபத்தின் கூட்டுத்தொகை, 400 ரூபாய். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

மாணவர்கள் 32 பேர்தான் என்றால் இரண்டு சிவப்பு 10, இரண்டு கறுப்பு 2 இவற்றை எடுத்துவிடலாம், சமநிலை மாறாது. இன்னும் குறைந்தால் சிவப்பு 9, கறுப்பு 3. அதற்கு மேல் எடுக்க வேண்டாம். விற்க முடியாமல் நிற்கும் சிலர் இந்த ஆட்டத்துக்குத் தேவை.

விதிகள் சில: பேரம் முடியும்வரை சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. விலை ஐந்தின் மடங்கு. ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு பேரம். கேட்கும் விலையை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்: விற்றால்தான் செலவு, விற்காவிட்டால் லாபம் பூஜ்யம், நஷ்டம் இல்லை. இதைச் சரியாக விளக்காவிட்டால் சிவப்பு 9 வைத்திருப்பவர், 90 ரூபாய் வீணாகிவிடுமே என்று பயந்து 70-க்குத் தள்ளிவிடுவார். பொருள் செய்து வைத்திருக்கவில்லை, ஆர்டர் வந்தால்தான் செய்வார் என்று சொன்னால் புரிந்துவிடும்.

கூகுள் ஃபார்மில் நான்கே கேள்விகள்: சுற்று, கறுப்பு எண், சிவப்பு எண், விலை. விலைக்கு 20 முதல் 100 வரையிலான எண் மட்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது '60 ரூ' என்று அடிப்பார்கள், வரைபடம் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. விற்பவர் மட்டுமே பதிய வேண்டும். இருவரும் பதிந்தால் ஒரே பேரம் இரண்டாக விழும். நெட் மந்தமான அறையில் ஒரு மேசையில் இரண்டு மாணவர்களை உட்காரவைத்து அவர்களே பதியட்டும். பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் உபரிக்கான சூத்திரத்தைப் பக்கத்து நெடுவரிசையில் இழுத்து நிரப்பி வைக்காதீர்கள். ஃபார்ம் பதில்கள் புதிய வரிசையாக நுழைவதால் சூத்திரம் நழுவிவிடும். அர்ரேஃபார்முலா (நெடுவரிசை முழுவதற்கும் ஒரே சூத்திரம்) போடுங்கள், அல்லது தனித் தாளில் கணக்கிடுங்கள்.

முதல் சுற்று 5 நிமிடம், புரொஜெக்டர் அணைத்தபடி. விலைகள் 35, 80 என்று சிதறும். சில நேரம் பேரங்கள் பத்தைத் தாண்டும்: செலவு 80 உள்ளவர் மதிப்பு 100 உள்ளவரிடம் 90-க்கு விற்றிருப்பார். பேரம் கூடியும் மொத்த உபரி 400-க்குக் கீழே இருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த இரண்டு சுற்றும் அதே சீட்டுகளோடு, விலை வரைபடம் திரையில் ஓட. கோடு 60-ஐ நெருங்கும். பொருளாதார அறிஞர் சேம்பர்லின் 1948-ல் வெளியிட்ட வகுப்பறைச் சோதனையில் மாணவர்கள் ஜோடி ஜோடியாகப் பேரம் பேசினார்கள், ஒரே சுற்று. விலை சமநிலைக்கு வரவில்லை. பின்னர் இன்னொரு பொருளாதார அறிஞர் வெர்னன் ஸ்மித் விலைகளைப் பகிரங்கமாகக் கூவவைத்து, அதே மதிப்புகளோடு சுற்றுகளைத் திரும்பத் திரும்ப நடத்தினார், வந்தது. அந்த ஆய்வு 1962-ல் வெளியானது, அவருக்கு நோபல் 2002-ல் கிடைத்தது. திரையில் ஓடும் விலைப்பட்டியல் அலங்காரம் அல்ல, சந்தையின் விதிகளில் ஒன்று. அதனால்தான் முதல் சுற்றில் அதை மூடி வைக்கச் சொல்கிறோம்.

அடுத்த வகுப்பில் சீட்டைக் கலைத்துப் புதிதாகக் கொடுத்து, விற்பவருக்குப் பொருளுக்கு 40 ரூபாய் வரி போடுங்கள். 20 ரூபாய் வரி வேண்டாம். அரசுக்குப் போகும் வரியையும் சேர்த்தால், இந்த எண்களில் அது மொத்த உபரியைக் குறைக்காது. விற்பவர்கள் வரியைக் கூட்ட மறப்பார்கள்; '30 + 40 = 70' என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். விலை 80-ஐ ஒட்டி வரும், பேரங்கள் 6 ஆகும், அரசுக்கு 240 ரூபாய், யாருக்கும் சேராமல் போவது 40. பிறகு அதே வரியை வாங்குபவர் மேல் போடுங்கள். விலை 40-க்கு இறங்கும். வாங்குபவர் வரியோடு கொடுப்பது அதே 80, விற்பவர் கையில் நிற்பது அதே 40. 'வரியை யார் கட்டுகிறாரோ சுமையும் அவருக்கே' என்று ஆட்டத்துக்கு முன் எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று கைதூக்கச் சொல்லி, அந்த எண்ணிக்கையைப் போர்டில் எழுதி வையுங்கள்.

நேரம் மிஞ்சினால் வரியை நீக்கிவிட்டு 40 ரூபாய் விலை உச்சவரம்பு வைக்கலாம்: வாங்க நினைப்பவர் 14, விற்க முன்வருபவர் 6.

லாபத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அது சீட்டின் அதிர்ஷ்டம். நண்பர்கள் கூட்டுச் சேரவும் தூண்டும். ஷீட்டிலிருந்து இரு கோடுகளையும் படிக்கட்டாக வரைந்து, ஒவ்வொரு சுற்றிலும் 400-ல் எவ்வளவு கிடைத்தது, மீதி ஏன் போனது என்று எழுதுவதற்குக் கொடுங்கள்.